எட்டாம் நம்பர் இல்லாத கதவு

பல்செட்டுக்காரர் வீட்டில் கீழே ஒரே ஒரு பெரிய அறை. அதில் வண்டி இருந்தது. மாடியில் இரண்டு சின்ன அறைகளும் சமையலறையும். அங்கே அவர் மனைவி இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த அம்மாள் தன் காலால் படி இறங்கியதில்லை. வண்டி அதற்கும் ரொம்ப முன்பே அசைவதை நிறுத்திவிட்டது. ஆக, அந்த வீட்டில் நடமாடுகிற ஜீவன் அவர் ஒருவர்தான். காலையில் மேலே டீ போட்டுக் கொடுப்பார், கீழே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், பிறகு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பட்டறைக்குப் போய் யாரோ ஒருவருக்குப் பல் செய்வார்.

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்வது அவர் தொழில். கை சுத்தம், கண் அதைவிடச் சுத்தம். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதில் அவருக்குப் பதினாறு வெள்ளை தெரியும். பக்கத்துப் பல்லோடு இவர் செய்த பல்லை வைத்தால் சொந்தக்காரருக்கே எது எது என்று மறந்துபோகும். ஊர் வாயெல்லாம் டூப்ளிகேட் மாட்டிவிட்ட இந்த மனிதர், தன் வண்டியில் மட்டும் ஒரு டூப்ளிகேட் ஸ்குரூ ஏறுவதற்குச் சம்மதித்ததில்லை. எதிர்வீட்டு வெல்டர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்.

வண்டி, தாழ்வாக, தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு பேர் உட்காரும் கார். அந்தக் காலத்துப் பந்தய ரகம். கரும்பச்சை நிறம், துணிக் கூரை, முன்னால் உருண்டையாக இரண்டு விளக்கு. இப்படிப்பட்ட வண்டி கிடைத்தால் எல்லோரும் செய்வது, பிரித்துப் போட்டு, புதுப் பெயிண்ட் அடித்து, புது சீட் தைத்து, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்துவது. பல்செட்டுக்காரரும் அவருடைய பழைய வண்டிச் சங்கத்தில் சிலரும் வேறு கட்சி. பெயிண்ட் உதிர்ந்திருந்தால் உதிர்ந்தபடி, சீட் கிழிந்திருந்தால் கிழிந்தபடி. எது எப்படி வந்ததோ அது அப்படியே நிற்க வேண்டும். தூசியைக்கூடக் கண்டபடி துடைக்கக் கூடாது என்கிற அளவுக்கு முற்றிய கேஸ்கள் அவர்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கைமாறும்போது, கொடுப்பவர் வாங்குபவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, முதல் ஓனர் தொடங்கித் தன் வரைக்கும் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பில்லாமல் சொன்ன பிறகுதான் சாவி. பல்செட்டுக்காரர் இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்கும்கூட, சொல்லியிருக்கிறார்.

முதல் ஓனர் ஒரு கண் டாக்டர். புதுசாக வாங்கியவர், மகா கஞ்சர். சீட் கிழிந்தபோது தைக்கக் கொடுக்காமல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினார். அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது, பழுப்பேறி, ஓரம் சுருண்டு. அவருக்குப் பிறகு அவருடைய அக்கா மகன். போட்டோ எடுக்கிறேன் என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை. சோம்பேறி என்றால் அப்படியொரு சோம்பேறி. வெயிலானாலும் மழையானாலும் வண்டி தெருவில்தான் நின்றது. டேஷ்போர்டில் அவன் சிகரெட் சுட்ட வடு இருக்கிறது. மூன்றாவது, ஒரு மருந்துக் கடைக்காரர். ஆசையாக வாங்கி ஒரு வருஷம் ஓட்டுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் மனைவி வண்டி நின்ற கொட்டகையைப் பூட்டிச் சாவியை எங்கோ போட்டுவிட்டார். டேஷ்போர்டில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்தபடி கிடந்தது, இன்றைக்கும் கிடக்கிறது. ஒருவர் கஞ்சத்தனத்தால் தொடவில்லை, அடுத்தவன் சோம்பலால் தொடவில்லை, அந்த அம்மாள் துக்கத்தால் தொடவில்லை. நான்காவதாக வந்த நம் ஆள் பெருமையால் தொடவில்லை. கடைசியில் சொன்னது அவர் சொல்லாதது, நான் சேர்த்தது.

இந்தக் கதையின் உச்சம் கதவில் இருந்தது. அவர் வாங்கியபோது இடது கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பில் எட்டு. அக்கா மகன் இந்த வண்டியைப் பந்தயத்தில் ஓட்டினான், இரண்டாவதாக வந்தான், அந்த நம்பர் அப்படியே இருக்கிறது என்று வண்டியை விற்றுக்கொடுத்த தரகர் சொன்னார். தெருமுனை வரை நடக்கச் சோம்பல்படுகிறவன் பந்தயம் ஓட்டினானா என்று யாருமே கேட்கவில்லை. பல்செட்டுக்காரர் கேட்பாரா? அவர் அந்த எட்டைப் பார்த்த நிமிஷமே விழுந்துவிட்டார்.

அந்த வருஷம் அவர்களுக்கு நல்ல வருஷமில்லை. முதல் குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்டது. அவர் பட்டறைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் வண்டி வந்தது. ஆம்பளைக்கு மனசைத் திருப்ப ஏதாவது வேண்டுமில்லையா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெற்றவளின் மனசை எதன் பக்கம் திருப்புவது என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண் தானாகவே ஒன்றைத் தேடிக்கொண்டாள். புருஷன் முகத்தில் மறுபடி சிரிப்பைக் கொண்டுவந்தது இந்த வண்டிதான், இதற்கு நாமும் ஏதாவது செய்வோம் என்று நினைத்தாள்.

அவர் பிறந்த நாளன்று அவர் பட்டறைக்குப் போனதும், ஒரு வாளித் தண்ணீர், சோப்புத்தூள், பழைய துணி என்று எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அரை நாள் முழுக்கத் தேய்த்தாள். வருஷக்கணக்கான அழுக்கு ஓடிக் கரும்பச்சை மின்னியது. அழுக்கோடு வட்டமும் போனது, எட்டும் போனது.

அவர் வந்து பார்த்துவிட்டுக் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டதாம். எதிர்வீட்டில் வெல்டரின் அப்பா இருந்த காலம் அது. பிறகு பல நாள் பேச்சே இல்லை. எப்படியோ பேச்சு திரும்பியது, மகள் பிறந்தாள், வளர்ந்தாள், சிகை அலங்காரம் கற்றுக்கொண்டு சொந்தக் கடை வைத்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் அந்த அம்மாள் கீழறைக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. படியிறங்கி நேராகத் தெருவுக்குப் போவார், தெருவிலிருந்து நேராகப் படியேறுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வண்டியை “கீழ்வீட்டுச் சக்களத்தி” என்று கிண்டல் செய்தால் சிரித்துக்கொள்வார். பல்செட்டுக்காரரும் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டார். பல்லைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவருக்குச் சிரிப்பைப் பார்க்கத் தெரியவில்லை.

இடுப்பு முறிந்த பிறகுதான் விஷயம் கழுத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வெல்டரும் அவர் தம்பியும் நாற்காலியோடு அந்த அம்மாளைத் தூக்கி இறக்க வேண்டும். படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். “மாமி, நீங்க என் கேஸ் சிலிண்டரைவிட லேசுதான்” என்று வெல்டர் சொல்லிக்கொண்டே இறக்குவார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொள்வார். நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

போன முறை திருப்பத்தில் தம்பியின் கை வழுக்கியது. நாற்காலி ஒரு படி இறங்கிச் சுவரில் மோதி நின்றது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அந்த அம்மாள் சாயந்திரம்வரை நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. மகள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அப்பா, நான் ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். கீழ் ரூமை அம்மாவுக்குக் குடுங்க. இல்லைன்னா நான் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க உங்க வண்டியோட குடும்பம் நடத்துங்க.”

“இல்லம்மா, யோசிக்கிறேன்.”

“என்னத்த யோசிக்கிறீங்க? இன்னொரு தடவை விழுந்தா அம்மா இருக்கமாட்டாங்க. டாக்டரே சொல்லிட்டார்.”

யோசித்தார்தான். எப்படி யோசித்தார் தெரியுமா? டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒற்றைக் கட்டில் போட முடியுமா என்று அளந்தார். முடியும். கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு திரை போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று, ஏதோ பெரிய கண்டுபிடிப்புபோல மேலே ஏறிவந்து சொன்னார்.

மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நான் செத்தாலும் அந்த ரூமுக்கு வரமாட்டேன்.”

“வண்டி உன்னை என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. பாப்பா வீட்டுக்கே போயிடுறேன்.”

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. மனைவி இல்லாத மாடியை நினைத்துப் பார்த்தார். காலையில் யாருக்கு டீ போடுவது? பட்டறையிலிருந்து வந்து, இன்றைக்கு வந்த கடைவாய்ப் பல்லைப் பற்றி யாரிடம் சொல்வது? இத்தனை வருஷமாக அந்த அம்மாள் ஒரு பல்லைப் பற்றியும் ஆர்வமாகக் கேட்டதில்லை, ஆனாலும் கேட்டிருக்கிறார். வண்டி அறையில் இருப்பதால்தான் வரமாட்டேன் என்கிறாள், வண்டி போய்விட்டால் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். மறுநாளே சங்கத்தின் தலைவருக்குப் போன் செய்தார்.

தலைவருக்கு இந்த வண்டிமேல் ரொம்ப காலமாக ஒரு கண். வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினார். ஷட்டரை முழுசாகத் தூக்கச் சொன்னார். சாயந்திர வெயில் சாய்வாக உள்ளே வந்து இடது கதவில் விழுந்தது. தலைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவையே பார்த்தார்.

“சார், நம்பர் இங்கதானே இருந்துச்சு?”

“அங்கதான். என் வீட்டுல கழுவி விட்டுட்டாங்க. அது ஒரு பெரிய சோகக் கதை.”

“அதான் எனக்குப் புரியல. நம்பர் இருந்த தடமே இல்லையே.”

“கழுவிட்டாங்கன்னு சொல்றேனே.”

“நம்பரைக் கழுவலாம் சார், தடத்தைக் கழுவ முடியாது. சுவத்துல மாட்டின காலண்டரை எடுத்தா அடியில பெயிண்ட் மட்டும் பளிச்சுன்னு இருக்குமில்ல, அந்த மாதிரி. அந்தப் பையன் காலத்துல வண்டி வெயில்லயே நின்னுதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. வட்டத்துக்கு அடியில பச்சை வெளுக்காம இருக்கணும். கதவு முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருக்கு. இது உங்களுக்கு விக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி எவனோ வரைஞ்சது. சோப்புத்தூளுக்கே போச்சுன்னா, பசங்க படம் வரையற பெயிண்ட்டாத்தான் இருக்கும். தரகரோட வேலை. அடிச்சிருக்கான் பாருங்க!” தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஒருவிதத்துல நல்லதுதான் சார். உங்க வீட்டம்மா பொய்யை மட்டும் கழுவியிருக்காங்க.”

பல்செட்டுக்காரர் கதவைப் பார்த்தார். பதினாறு வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற கண். ஒரே பச்சை. மேலிருந்து கீழ்வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே பச்சை. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் காலையில் இந்தக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார். ஒரு நாளும் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. தலைவரிடம் அல்ல, மாடியில் இருக்கிறவளிடம்.

தலைவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுப் படியேறினார். மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த எட்டு பொய்யாம். தரகன் வரைஞ்சதாம்.”

“தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அன்னைக்கே சொன்னேனே. துணி பட்டதும் சுண்ணாம்பு மாதிரி கரைஞ்சுதுங்க, இது என்ன பெயிண்ட்டுங்கன்னு கேட்டேன். நீங்க எங்க கேட்டீங்க?”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “தப்புதான். ஒண்ணுமில்லாத நம்பருக்காக உன்கிட்ட கத்திட்டேன். வண்டியைக் குடுத்துடப் போறேன். நாளைக்கே எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரூமுக்கு வெள்ளையடிச்சுத் தரேன். இனி வரலாமில்ல?”

மனைவி பட்டாணித் தொலியை ஒவ்வொன்றாகத் தாளில் ஒதுக்கினார். “நம்பருக்காகவா நான் அந்த ரூமுக்கு வராம இருந்தேன்? நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“கோவத்துல ஏதோ கத்தியிருப்பேன்.”

“ஏதோ இல்ல. என் கையைப் புடிச்சு, ‘இந்தக் கை பட்டது எதுதான் உருப்பட்டிருக்கு’ன்னு கேட்டீங்க.” அந்த அம்மாளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கை ஈரமா இருந்துச்சு. குழந்தை போய் மூணு மாசம்கூட ஆகல.”

அவருக்கு அந்த வார்த்தை ஞாபகமில்லை. சத்தியமாக ஞாபகமில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. தான் சொல்லி, தான் மறந்து, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம், அவள் அதைச் சுமந்துகொண்டே அந்த அறையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். பிற்பாடு மகள் பிறந்தபோது முதல் மாதம் முழுக்கக் குழந்தையைத் தன் அம்மாவையே குளிப்பாட்டச் சொன்னாளே, பயம் என்றாளே, அது இப்போது புரிந்தது. கீழே கிடந்த ஒரு பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார்.

மறுநாள் தலைவர் ஆட்களோடு வந்தார். வழக்கப்படி இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். பல்செட்டுக்காரர் கண் டாக்டரைச் சொன்னார், பிளாஸ்திரியைச் சொன்னார், அக்கா மகனைச் சொன்னார், மூக்குக்கண்ணாடியைச் சொன்னார். எட்டைத் தரகன் வரைந்ததையும் சொன்னார். தலைவர் நல்ல மாணவனாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நாலாவது ஓனர் நான்” என்றார் பல்செட்டுக்காரர். “பிள்ளையைப் பறிகொடுத்து நின்னவ, எனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு இந்த வண்டியைக் கழுவினா. அவ கையைப் புடிச்சு நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.”

தலைவர் நெளிந்தார். “சார், அதெல்லாம் உங்க குடும்ப விஷயம். வண்டியைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்.”

“இது வண்டியைப் பத்தினதுதான். திருப்பிச் சொல்லுங்க.”

தலைவர் முனகினார். சத்தமாகச் சொல்லச் சொன்னார் இவர். வெல்டரும் ஆட்களும் வாசலில் நின்று கேட்டார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்த்தை மாறாமல் சொன்னார். பிறகுதான் சாவி கை மாறியது. தள்ளும்போது தரையோடு ஒட்டிப்போயிருந்த டயர் இரண்டு பிய்ந்தன. வேறொரு நாளாக இருந்தால் பல்செட்டுக்காரர் மயங்கி விழுந்திருப்பார். அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அறைக்கு வெள்ளையடித்தார், விளக்குப் போட்டார், பின்பக்கத்துக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார். எல்லாம் தயார். நடுத்தரையில் மட்டும், இத்தனை வருஷம் இன்ஜினிலிருந்து சொட்டிய எண்ணெய்க் கறை, ஒரு ஆள் சுருண்டு படுத்தால் இருக்கிற அகலத்துக்கு, கறுப்பாகக் கிடந்தது.

மனைவியை இறக்கும் நாளன்று மகள் தன் காரோடு வாசலில் நின்றாள், எதற்கும் இருக்கட்டும் என்று. வெல்டரும் தம்பியும் ஜோக் எதுவும் சொல்லாமல் நாற்காலியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கீழறையின் நிலைப்படியில் வைத்தார்கள். அந்த அம்மாள் உள்ளே பார்த்தார். புதுச் சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“இது என்ன?”

“கறை. தேய்ச்சேன், போகல.”

“போகற வரைக்கும் தேய்ங்க. போனதும் சொல்லுங்க.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “பாப்பா, வா போகலாம்.”

பல்செட்டுக்காரர் தடுக்கவில்லை. தடுக்க என்ன வாய் இருக்கிறது? காருக்குள் உட்கார வைத்து, காலை மடக்கி உள்ளே எடுத்துவைத்தார். கார் போனதும் உள்ளே வந்து மண்டியிட்டார்.

சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். வெல்டர் எதையோ ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் போட்டுத் தேய்த்தார். பட்டறையில் பல்லுக்குப் பாலீஷ் போடுகிற பிரஷையும் எடுத்துவந்தார். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்தது. டாக்டர்கள் பல் வரவில்லையே என்று போன் செய்தார்கள். மகள் ஒரு நாள் எட்டிப் பார்த்துச் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குப் பிறகு அசையவில்லை.

ஒரு காலையில் மனைவியே போன் செய்தார்.

“போயிடுச்சா?”

அவர் தரையைப் பார்த்தார். மேலே ஒரு கோட் சிமெண்ட் பூசிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று வெல்டர் நேற்றுத்தான் யோசனை சொல்லியிருந்தார்.

“இல்ல. கொஞ்சம் வெளுத்திருக்கு. அவ்வளவுதான். இது போகாதுன்னு நினைக்கிறேன்.”

போனைக் காதில் வைத்தபடியே பிரஷை வாளிக்குள் போட்டார்.

“எனக்கும் தெரியும்” என்றார் மனைவி. “கட்டிலை அது மேலயே போடுங்க. நாளைக்கு வரேன்.”